ஹபீபின் கிளாரினெட்

ராசிபுரத்தை அடுத்த பழைய தேவாலயத்தில் ஒலி அருமையாகச் சுழலும் என்று கேள்விப்பட்டு, 1936இல் ஒலிப்பதிவாளர் சின்னராஜ் சென்னையிலிருந்து மைக்கும் மெழுகுத்தட்டுகளுமாக வந்து இறங்கினார். வீணைக்குச் சாரதாமணி, வயலினுக்குப் பாலசுந்தரம், கிளாரினெட்டுக்குச் சேலம் ஹபீப். பத்து வருடமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள்.

காலையில் முதல் தட்டு ஓடியது. கிளாரினெட்டின் நாதம் கல் வளைவில் முட்டித் திரும்பி வந்தபோது சாரதாமணிக்கு உடம்பு சிலிர்த்தது.

வாசித்து முடித்ததும் சின்னராஜ் தட்டைப் போட்டுக் காட்டினார். வீணை கேட்டது. வயலின் கேட்டது. ஜன்னலில் குருவி கத்தியதுகூடக் கேட்டது. கிளாரினெட் மட்டும் இல்லை.

“மைக்கைத் தூரமா வெச்சிட்டேன் போல.” சின்னராஜ் அதை ஹபீபுக்கு ஒரு முழத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது தட்டிலும் அப்படியே.

மூன்றாவதற்கு ஹபீப் தனியாக வாசித்தார். கூடமே நிறைந்து ததும்பியது. தட்டைப் போட்டால், அவர் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது பதிவாகியிருந்தது. பிறகு மூன்று நிமிடமும் குருவிச் சத்தம்தான்.

“கருவியிலதான் ஏதோ கோளாறுங்க” என்று பாலசுந்தரம் கிளாரினெட்டை வாங்கி, வாசிக்கத் தெரியாமலே ஊதினார். நான்காவது தட்டில் அந்த அபஸ்வரம் பிசிறில்லாமல் கேட்டது.

யாரும் ஹபீபின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுங்களா?” என்றார் அவர்.

“கேக்குதுங்கண்ணா” என்றாள் சாரதாமணி.

மற்ற இருவரும் வாசித்து முடிக்கும்வரை ஹபீப் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சேலம் பஸ் ஏறினார். கண்டக்டரிடம் வாயைத் திறக்கப் பயந்து, சில்லறையை மட்டும் நீட்டினார்.

வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். மனைவியின் பெயர் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார்.

“மெஹர்பானு!”

“வந்துட்டீங்களா? ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?”

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார்.

அதன்பின் பத்தொன்பது வருடம் இருந்தார். கல்யாணங்களில் வாசித்தார், மைக் வைத்த மேடைகளுக்குப் போகவில்லை. எதைச் சொன்னாலும், சொல்லி முடித்ததும், “கேட்டுச்சா?” என்பார். “கேட்டுச்சுங்க” என்று மெஹர்பானு சொல்லும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.