ஓரகத்தி வீட்டு ஷவர்

சத்தியப்பிரியா பாத்ரூமைப் புதுசாகக் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காளீஸ்வரி இன்னும் அதைப் போய்ப் பார்க்கவில்லை. தெருவில் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பால்காரர் மனைவிகூடப் பார்த்துவிட்டு வந்து, "ஏத்தா, மழை பேஞ்ச மாதிரி தண்ணி கொட்டுது" என்று காளீஸ்வரியிடமே சொன்னாள். காளீஸ்வரி வெங்காயத்தை உரித்துக்கொண்டே "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

காரைக்குடியில் அண்ணன் தம்பி இருவருக்கும் நடுச்சுவர் வைத்துப் பிரித்த வீடு அது. கிழக்குப் பாதி மூத்தவன் செல்வத்துக்கு. அவன் புதுவயல் அரிசி மில்லில் மெக்கானிக். அவன் மனைவி காளீஸ்வரிக்கு நாச்சியாபுரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை. மேற்குப் பாதி சிங்கப்பூரில் இருக்கும் இளையவன் பெத்தனுக்கு. அவன் மனைவிதான் சத்தியப்பிரியா, ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மாமியார் சோணையம்மாள் மட்டும் பாகத்துக்குள் வரவில்லை. அவர் எப்போதும் காளீஸ்வரியோடுதான். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷமாக மாமியாருக்கு வெந்நீர் போட்டு, முதுகு தேய்த்துவிட்டு, முழங்கால் வலி வந்தபிறகு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவள் அவள்தான். இப்போது என்னடாவென்றால், விடிந்ததும் சோணையம்மாள் மாற்றுச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போய்விடுகிறார்.

"அங்குட்டு உக்காந்து எந்திரிக்கச் சுளுவா இருக்குத்தா" என்றார் முதல் நாள். காளீஸ்வரி போட்டு வைத்திருந்த வெந்நீர் அன்று ஆறிப்போய்க் கிடந்தது. அதை அவளே எடுத்துக் குளித்தாள்.

அன்றைக்குத்தான் தன் பாத்ரூமை நின்று நிதானமாகப் பார்த்தாள். இடுப்பு உயரத்துக்கு ரோஸ் கலர் டைல்ஸ், இடுக்கெல்லாம் கருப்பு. அடியில் துருப்பிடித்து மண்ணாக உதிரும் தகரக் கதவு. மூலையில் கீழே உட்காரும் கக்கூஸ். அதில் மாமியார் எப்படி இத்தனை நாள் உட்கார்ந்து எழுந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பிரியாமேல் இன்னும் கோபம் வந்தது.

பாத்ரூமைப் புதுசாக்கப் பணம் வேண்டும் என்று செல்வத்திடம் கேட்டாள். "நாப்பதாயிரம். அதுக்கு மேல என்னால ஆகாது" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான்.

கொத்தனார் மலையாண்டி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பிரியா வீட்டு வேலையைச் செய்தவரும் அவர்தான்.

"செவுத்து டைல்ஸு கல்லாட்டம் இருக்கு தங்கச்சி. அத உடைக்க வேணாம். ஆசிட் போட்டுக் கழுவி இடுக்க அடைச்சா போதும். தரையும் கதவும் மாத்துவோம். இந்தக் கக்கூஸப் பேத்துட்டு ஒரு கம்மோடு வச்சிரலாம்."

"அங்க என்ன போட்டிருக்கு?"

"அது வேற கணக்கு. அங்க உள்ளதுல ஷவர் மட்டுமே..."

"அதவிட நல்லதா ஒண்ணு சொல்லுங்கண்ணே. ஆத்தங்குடிக் கல்லு பதிச்சிரலாமா?"

மலையாண்டி சிரித்துவிட்டார். "கூடத்துல போடுறத குளிக்கிற எடத்துல போட்டா சோப்புத்தண்ணி குடிச்சுக் கறையாப் போயிரும். நீங்க மொதல்ல போய் அந்த வீட்டுல பாத்துட்டு வாங்க. என்ன வேணும், என்ன வேணாமுன்னு அப்பறம் பேசுவோம்."

பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பிரியா டூட்டிக்குப் போகும்போது வழக்கம்போலச் சாவியைக் காளீஸ்வரியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். காளீஸ்வரி அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போய் மேற்கு வீட்டைத் திறந்தாள். பார்த்துவிட்டு உடனே வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

உள்ளே மேகநிறத்தில் டைல்ஸ், முகம் முழுக்கத் தெரியும் கண்ணாடி. கம்மோடு பக்கத்தில் எவர்சில்வர் கைப்பிடி. ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்காத தரை. அதுவரைக்கும் தாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் மாமியாரின் சீயக்காய் டப்பாவும் எண்ணெய்க் கிண்ணமும் குடியேறியிருந்தன. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இரண்டையும் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்ப வைத்தாள்.

அப்புறம் என்ன தோன்றியதோ, கதவைத் தாழ் போட்டாள். சேலையை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினாள். பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஷவரைத் திருகினாள்.

பால்காரர் மனைவி சொன்னது பொய்யில்லை. தலையிலும் தோளிலும் ஒரே சீராக இறங்கியது தண்ணீர். மொண்டு ஊற்றக் குனிய வேண்டியதில்லை. காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சண்டாளி, தினம் இப்படியா குளிக்கிறாள் என்று நினைத்தாள்.

"யாரு உள்ள? அத்தையா?"

பிரியாவின் குரல். காளீஸ்வரி ஷவரை நிறுத்தப் பார்த்தாள். அவசரத்தில் திருகியதில் தண்ணீர் நிற்காமல் இன்னும் வேகமாகக் கொட்டியது.

"நான்தான்" என்றாள்.



"அக்காவா? எனக்கு டூட்டிய மாத்திட்டாக, அதான் வந்துட்டேன். சுடுதண்ணி வேணுமுன்னா இடதுபக்கம் திருப்புங்க. நிறுத்தணுமுன்னா நேரா கீழ அமுத்துங்க." பிறகு கதவருகே வந்து, "துண்டு கொண்டாந்தீகளா?"

துண்டு இல்லை. கதவை ஒரு கை அளவுக்குத் திறந்து, பிரியா நீட்டிய துண்டையும் நைட்டியையும் வாங்கிக்கொண்டாள் காளீஸ்வரி. வைதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

வெளியே வந்தபோது பிரியா காப்பி கலந்து வைத்திருந்தாள். காளீஸ்வரி உட்காரவில்லை. வெட்கம் அத்தனையும் வாயில் கோபமாக வந்தது.

"அத்தைய வளைச்சுப் போடத்தான இம்புட்டுச் செலவு பண்ணுன?"

இல்லை என்பாள், அழுவாள் என்று காளீஸ்வரி எதிர்பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள் பிரியா.

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, காளீஸ்வரியைப் பார்க்காமலே பேசினாள். "எம் மக பொறந்தப்பகூடப் பத்து நாளுதான் இங்க இருந்தாக. பதினோராம் நாளு, 'ஈஸ்வரி வெந்நி போட்டு வச்சிருப்பா, நான் வாரேன்'னு கிளம்பிட்டாக. எது குடுத்தாலும் ஈஸ்வரி கைப்பக்குவம் வராதும்பாக. நான் நர்ஸு, ஊரு ஒலகத்துக்கெல்லாம் செய்யிறேன். அவுகளுக்குச் செய்ய மட்டும் என்னிய விடல. உங்கள நெனச்சு நான் எத்தன நாளு சாப்பிடாமக் கெடந்திருக்கேன் தெரியுமா?"

காளீஸ்வரிக்கு இரக்கம் முதலில் வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம், நாக்கில் கற்கண்டு வைத்த மாதிரி. தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைத் தானே கண்டுகொண்டதும் முகம் சூடாயிற்று. காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, "நைட்டியத் தொவச்சுத் தாரேன்" என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மலையாண்டியிடம், "ஷவர் வேணாம். வழுக்காத தரை, கம்மோடு, கைப்பிடி, பிளாஸ்டிக் கதவு. அம்புட்டுத்தான்" என்றாள். பன்னிரண்டு நாள் வேலை நடந்தது. கைப்பிடி பதிக்கிற அன்று பிரியா தானாகவே வந்து நின்றாள். "இன்னும் நாலு விரக்கட கீழ வைங்கண்ணே. அத்தைக்குத் தோளு தூக்க முடியாது" என்றாள். அது சரியென்று காளீஸ்வரிக்குத் தெரிந்தது. இதையும் இவள்தான் சொல்ல வேண்டுமா என்றும் இருந்தது. "அவ சொன்ன மாதிரியே வைங்க" என்றாள்.

ஆசிட் போட்டுக் கழுவியதில் ரோஸ் டைல்ஸ் பளிச்சென்று வந்திருந்தது. சோணையம்மாள் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். கைப்பிடியை இரண்டு தடவை பிடித்து இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எது அதிகம் நல்லது என்று இரண்டு மருமகள்களும் காத்திருந்தார்கள். அவர் அதைச் சொல்லவே இல்லை.

அதன்பிறகு அவர் ஒருநாள் இங்கும் ஒருநாள் அங்குமாகக் குளிக்கப் போனார். மேற்கே போகிற நாளில் காளீஸ்வரி பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையோடு கழுவினாள். கிழக்கே வந்த ஒருநாள், மாமியாருக்கு முதுகு தேய்த்துவிட்டு வெளியே வந்தாள். பிரியா யூனிஃபார்மோடு கிழக்கு வாசலில் நின்று பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டதும், "டூட்டிக்கு நேரமாச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உறுமவிட்டுக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்வரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள் காளீஸ்வரி. பாவமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.