ஏழாவது வீடியோ

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. வீட்டில் சமாளித்துவிடலாம், அறைக் கதவைச் சாத்தினால் போதும். அவளையே எங்கள் அனிமேஷன் கம்பெனியில், என் பிரிவில், பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சிபாரிசு என் வீட்டுக்காரர். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

படம் வெளியே கசிந்துவிடும் என்று எங்கள் கணினிகளுக்கு இணையம் கிடையாது. போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மென்பொருளில் உதவி பட்டனை அழுத்தினால் 'இணைப்பு இல்லை' என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்து பல்லிளிக்கும். அதனால் புதியவர்களுக்குப் பாட வீடியோ பதிவு செய்யச் சொன்னார் மேனேஜர். மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் என் குரலில்.

ஏழாவது, கதாபாத்திரத்தை நடக்க வைப்பது. நடையைப் போடுவதற்கு முன் கீபோர்டில் மூன்று கீகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பாதம் தரையில் நிற்கும். இல்லாவிட்டால் எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதுபோல் வழுக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். மறந்தெல்லாம் போகவில்லை, அவளுக்காகவே வெட்டினேன்.

அவள் திரையில் நடக்கவிட்ட ஆட்கள் எல்லாம் வழுக்கினார்கள். இரண்டு நாள் தனியாக மல்லுக்கட்டிவிட்டு என்னிடம் வந்து நின்றாள். நான் திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"வீடியோல எல்லாம் இருக்கு. கண்ணத் தொறந்து பாரு."

அவள் போய், ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கீகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். நாலாவது நாள் பாதம் நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பின் என்னை வேறு பிரிவுக்கு, வேறு மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பழைய பிரிவுக்குத் திரும்பி வந்தபோது இங்கே தலைமை நாத்தனார். மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. ஒரு கிழவர் முற்றத்தைக் கடந்து நடக்கும் காட்சி. நாலு மணிக்குள் முடித்தால் இடம் உண்டு, இல்லையென்றால் நாளை வர வேண்டாம்.

கிழவர் வழுக்கினார். மூன்று கீகளை ஒளித்தேன் என்பது நினைவில் இருந்தது. எந்த மூன்று என்பது இல்லை. கைக்கு வந்த கீகளை எல்லாம் அழுத்தினேன், ஒருமுறை ஃபைலே மூடிக்கொண்டது. உதவி பட்டனைத் தட்டினேன். அதே பல்லிளிப்பு. கடைசியில் ஏழாவது வீடியோவைத் திறந்தேன். தேனொழுகப் பேசிக்கொண்டே வந்த என் குரல், வெட்டிய இடத்தில் ஒரு சின்னத் துள்ளலோடு தாண்டிப் போனது. மூன்று முறை பார்த்தேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். பிரிவில் மற்றவர்கள் நாத்தனாரிடம் வேலை கற்றவர்கள். நான் பக்கத்தில் போனதும் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

மூன்றரைக்கு அவளிடமே போனேன். வெட்கத்தை விட்டு, அந்த மூன்று கீ எதுவென்று கேட்டேன். என் வேலையே போய்விடும் என்றும் சொன்னேன். அவள் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"வீடியோல எல்லாம் இருக்கு அண்ணி. கண்ணத் தொறந்து பாருங்க."

சொல்லிவிட்டுத் தன் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஏழாவதைத்தான் ஓடவிட்டிருந்தாள். "இது ரொம்ப ஈசி," என்றது என் குரல், "யாரையும் கேக்க வேண்டிய அவசியமே இல்ல."