கடைசி அறையின் சூடு

பள்ளியின் புதிய கட்டடத்தில் ஏசி கிடையாது. தடித்த சுவர், நிழல் விழும் ஜன்னல், வெள்ளை பூசிய மொட்டைமாடி. மிச்சத்தை இரவுக்காற்று பார்த்துக்கொள்ளும் என்று கட்டடத்தை வரைந்த பொறியாளர் அம்மா சொல்லியிருந்தாள். மாலை ஏழு மணிக்கு எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும். சுவர் இரவெல்லாம் ஆறும். காலை ஏழு மணிக்குச் சாத்தினால் அந்தக் குளிர்ச்சி பிற்பகல்வரை தாங்கும்.

திறப்பது காவலாளி. சாத்துவது சாவிக்காரர். காவலாளி, சாவிக்காரர் மனைவியின் தம்பி. அவனுக்காகத் தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுத்து வேலை வாங்கித் தந்தது சாவிக்காரர்தான்.

சூட்டைக் குறித்துக்கொள்ளும் உள்ளங்கை அளவுப் பெட்டி மூன்று அறைகளில் மாட்டியிருந்தது. முதல் மாதக் கணக்கில் இரண்டு அறைகள் விடியும்போது இருபத்தாறு டிகிரிக்கு இறங்கியிருந்தன. மாடியில் கடைசி அறை முப்பதுக்குக் கீழே போகவே இல்லை.

"அந்த ரூம் ஜன்னல மட்டும் நைட்ல யாரும் திறக்கறதில்ல" என்றாள் பொறியாளர்.

தலைமையாசிரியர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் மாமனும் மச்சானும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலை சாவிக்காரர் முதலில் கடைசி அறைக்குத்தான் போனார். ஜன்னல்கள் திறந்திருந்தன. சுவரில் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. மைத்துனன் அவர் வரும் நேரம் பார்த்து விடியலில் திறந்துவைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். சந்தேகம் வந்துவிட்டால் குளிர்ந்த சுவரும் எதிராகத்தான் சாட்சி சொல்லும். மேசைக்கடியில் கொசுவத்திச் சாம்பல் சுருண்டு கிடந்தது. ஜன்னலைச் சாத்தி, வத்தி கொளுத்தி, சுகமாகத் தூங்கியிருக்கிறான்.

மதியம் வீட்டில் மைத்துனனோடு சாப்பிடும்போது கேட்டுவிட்டார்.

"மாப்ள, கடைசி ரூம்லதான படுக்கற?"

"எனக்குக் கீழ கட்டில் இருக்கு மாமா."

"கொசுவத்திச் சாம்பல் இருந்துச்சே."

"ஜன்னல சாத்திட்டு வெந்து சாக எனக்கென்ன வேண்டுதலா?"

தட்டில் பாதிச் சோறு இருந்தது. அவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போனான். மனைவி தட்டை எடுத்தாள். "வேலை வாங்கிக் குடுத்தீங்க, சரி. கூடவே சந்தேகத்தையும் வாங்கிக் குடுத்தீங்களா?" என்றாள். அக்காவும் தம்பியும் ஒரே பேச்சுத்தானே பேசுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஐந்தரைக்கு, மைத்துனன் வருவதற்கு முன்பே, மாடியேறினார். கடைசி அறையில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கொசுவத்தி புகைந்தது.

சாம்பல் யாருடையது என்று விளங்கியது. அவர் வாசலிலேயே நின்றார். டீச்சர் கடைசி நோட்டை மூடினாள். நாற்காலி மேல் ஏறினாள். ஆணியில் தொங்கிய பெட்டியைக் கழற்றி, மேற்குச் சுவரில் பதித்த அலமாரியில், நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள்.

"டீச்சர், தினமும் இப்படித்தானா?"

"பின்ன? ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் பேர்ல ஏத்திருக்காங்க. காணாமப் போனா யாரு பதில் சொல்றது? காலைல வந்ததும் மாட்டிடுவேன்."

சாவிக்காரர் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலையில் ஜன்னலையே பார்த்தவர் வெறும் ஆணியைக் கவனிக்கவில்லை. ஒரு மாதமாக எல்லாரும் பார்த்துத் தலையைச் சொறிந்தது காற்றே புகாத அலமாரியின் சூட்டை.

தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லச் சொன்னார். டீச்சரின் முகம் மாறியது. பெட்டியைத் தொடமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். உங்க மச்சானைக் காப்பாற்ற என்னை மாட்டிவிடுகிறீர்களா என்று கேட்டாள். இரண்டு நாள் அவர் அவளையும், அவள் அவரையும் பார்க்காத மாதிரி நடந்தார்கள். மூன்றாம் நாள் அவளே போய்ச் சொன்னாள். ஒரு திட்டு. அவ்வளவுதான். அன்றிரவு பெட்டி ஆணியிலேயே இருந்தது. விடிந்தபோது இருபத்தாறு.

வேலை தப்பியது. சாவிக்காரர் மன்னிப்பு வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே மைத்துனனிடம் போனார். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். "சரி" என்றான்.

அடுத்த நாள் மாலை ஏழுக்கு ஆள் அனுப்பி அவரை வரவழைத்தான். கையில் புது நோட்டு. கோடு போட்டு, தேதி எழுதி, ஆறு அறை, பன்னிரண்டு ஜன்னல்.

"திறந்தாச்சு. ஒவ்வொண்ணா பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் சிரித்தார். "என்ன மாப்ள இது?"

அவன் பேனாவை நீட்டியபடி நின்றான்.

ஐந்து மணிக்கு வேலை முடிகிறவர் இப்போது ஏழுவரை காத்திருக்கிறார். மழை பெய்தாலும் ஏறுகிறார். அவன் முன்னால் போகிறான், வேறு பேச்சில்லை. ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டுகிறான், ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்துப் போடுகிறார். கடைசி அறையில் காற்று நன்றாக வருகிறது.