வாசலில் மாட்டிய ஓடு

வசந்தத்தில் கணவன் இறந்தபின் குன்வோருக்கு மிஞ்சியவை ஒரு படகு, ஒரு கெட்ட முழங்கால், மரப்பலகைத் துறையில் கரையோரமாகப் படகைக் கட்டிவைக்கும் இடம். அந்த இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. எங்கள் தீவில் அக்டோபர் கடைசியில் யாருடைய சிங்கி இறால் அதிக எடையோ, ஓராண்டுக்கு அவருக்குத்தான். இடத்தை இழந்தவர் துறையின் நுனிக்குப் போகவேண்டும். பனி உறைந்த பலகையில், அந்த முழங்காலோடு, நடக்கிற காரியமா?

ஆனாலும் அவள் தெம்பாகத்தான் இருந்தாள். கடலில் மிதக்கவிட்ட அவளுடைய பெட்டியில் இரண்டரைக் கிலோவில் சிங்கி ஒன்று கிடந்ததே.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு காலை பெட்டியைத் திறந்தால், உள்ளே இரண்டு. ஒன்று அசையவில்லை, கொடுக்கில் மாட்டிய ரப்பர் வளையம்கூட அப்படியே இருந்தது. தூக்கினால் கனமே இல்லை. சிங்கி சட்டை உரித்திருந்தது. பிடிப்பதும் வளர்ப்பதும் கணவன் பாடு. இவளுக்குப் படகோட்டத்தான் தெரியும். கொழுந்தன் சிக்ஸ்டனைக் கூப்பிட்டாள். நாற்பது வருடமாகச் சிங்கி பிடிப்பவன், ஏழு வருடமாக அண்ணனிடம் தோற்றவன். கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை அவளுக்கு.

"பழைய ஓடு உள்ளேயே கிடந்தா தண்ணி கெட்டுப்போயிடும் அண்ணி. ஓட்டை எடுத்து வாசல்ல மாட்டுங்க, அண்ணன் ஞாபகமா இருக்கும்" என்றான்.

மாட்டினாள். வார்னிஷ் வேறு பூசினாள். அந்த வழியாகப் போன ஊர்க்காரர்கள் எல்லோரும் நின்று பார்த்து, அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் வேறு பேச்சுப் பேசவில்லை.

போட்டியன்று தராசில் அவளுடையதுதான் கனம். எடைபோடும் பிரிட்டா வழக்கப்படி சிங்கியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிசைந்த மாவில் இறங்குவதுபோல் விரல் இறங்கியது. மெத்தென்ற சிங்கியின் எடையில் பாதி தண்ணீர். அது போட்டிக்குச் சேராது.

"பழைய ஓட்டைத் தின்னவிடலயா? புது ஓடு முதல்ல வெறும் நாரும் தோலும்தான். அதைக் கெட்டியாக்குற சுண்ணாம்பு பழசுல ரெடியா இருக்கு. கடல் தண்ணியிலேர்ந்தே உறிஞ்சிச் சேர்க்கணும்னா மாசக்கணக்காகும்" என்றாள் பிரிட்டா.

குன்வோர் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் கூட்டத்தைப் பார்த்தான். "அண்ணிக்கு வீட்டை ஜோடிக்கிறதுல ஆசை ஜாஸ்தி" என்றான். சிரிக்காதவர் ஒருவருமில்லை. அந்த வருடம் கரையோர இடம் அவனுக்குப் போயிற்று.

நவம்பரில் முதல் உறைபனியன்றே துறை நுனியில் வழுக்கி விழுந்தாள். அதே முழங்கால். சிக்ஸ்டன் ஏலக்காய் பன்னோடு பார்க்க வந்தான், பாதியை அவனே தின்றான். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, அவள் காலின் மாவுக்கட்டில் கட்டைவிரலை வைத்து நிதானமாக அழுத்திப் பார்த்தான்.

"இது நல்லாக் கெட்டியாயிடுச்சு அண்ணி."