ஜெர்சிக்குள் நின்ற ஆள்

நயீம் அகமது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, திரும்பவும் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் லேபர் ஆபீசர் அவர். முப்பது வருஷமாக ஆட்களைப் பார்த்து வேலைக்கு எடுப்பதும் வேண்டாமென்று அனுப்புவதுமே பிழைப்பு. அப்படிப்பட்டவர் தான் வரைந்த ஜெர்சிப் படத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறாரே என்று எழிலரசிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவர் விரல் திரையில் ஜெர்சியின் இடது தோள்மேல் வந்து நின்றது.

"இதுக்குள்ள ஒரு ஆளு நிக்கறான்மா," என்றார். "யாரு இவன்?"



ஆள் நிற்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டவரே அவர்தான். டேனரிகளுக்குள் ஒவ்வொரு வருஷமும் பொங்கல் வாரத்தில் வாலிபால் போட்டி நடக்கும். அந்த 2003 டிசம்பரில் அவர் கம்பெனி டீமுக்குப் புது ஜெர்சி. வேலை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டைட்டஸின் கடைக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர், சர்ச் கூட்ட பேனர் என்று கிடைத்ததையெல்லாம் அடித்துத் தரும் கடை அது. பிளஸ் டூவுக்குப் பிறகு ஆறு மாதம் டிடிபி படித்த எழிலரசிதான் அங்கே கம்ப்யூட்டரில் கோரல் டிரா வைத்து வரைகிறவள். அவள் போட்ட முதல் படத்தை நயீம் அகமது கையிலேயே வாங்கவில்லை. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருக்கிறது, பையன்கள் போட்டால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். முடியாது என்ற வார்த்தையை வாடிக்கையாளரிடம் சொல்லியே பழக்கமில்லாத டைட்டஸ், வியாழக்கிழமைக்குள் நிழலெல்லாம் போட்டு நிஜச் சட்டையாகவே காட்டிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கு அவருடையது, வேலை எழிலரசியுடையது.

அவளும் எப்படியெல்லாமோ பார்த்தாள். கறுப்பை மங்கலாக்கி அங்கங்கே வைத்தாள். எண்ணெய்க் கறை பட்டது போலிருந்தது. மடிப்பு என்று கோடு இழுத்தால் கிழிசலாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் அவள் புருஷன் பாண்டியன் வாசற்படியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் ஒரு நீல டி-ஷர்ட். பக்கவாட்டில் வெயில். அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது, நிழல் கறுப்பே இல்லை என்று. அது அதே நீலம்தான், கொஞ்சம் இருட்டின நீலம். துணி எங்கே இழுபடுகிறது, எங்கே தளர்ந்து குவிகிறது, எங்கே மடிப்பின் முதுகில் வெளிச்சம் ஒரு கோடாக விழுகிறது என்று ஒரு பத்திரிகை புரூஃபின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அவன் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டான். பெண்டாட்டி தன்னை வரைந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு மடிப்பையும் தனி வளைவாகப் போட்டாள். இருட்டின நீலத்தை நிரப்பி, ஒரு ஓரத்தை மட்டும் கரைந்துபோகிற மாதிரி விட்டாள். மேலே மெலிசாக ஒரு வெள்ளைக் கீற்று வைத்து, எல்லாவற்றையும் ஜெர்சியின் கோட்டுக்குள் அடக்கினாள். டைட்டஸ் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்தாயா என்றே கேட்டார். அவள் பூரித்துப்போனாள்.

பூரிப்பில் ஒன்றைக் கவனிக்கவில்லை, பாவம். பென்சில் இருந்ததை இருந்தபடியே எடுத்திருந்தது. ஆகஸ்ட் மாதம் இவருடைய டேனரியில்தான், ஈரத் தோல் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது பாண்டியன் வழுக்கி விழுந்தான். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அவன் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள். அடிபட்ட கான்ட்ராக்ட் ஆளை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டே வேலைக்குப் போனான். இடது தோள் இறங்கியது, இறங்கியதுதான். அவனோடு ஒரே டிரம்மில், தோல் ஊறிச் சுழலும் பெரிய உருளையில், வேலை செய்யும் ராமலிங்கத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். நாலு மாதமாகப் பாண்டியன் பங்குச் சுமையையும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டிருந்தவன் ராமலிங்கம்தான். இந்தப் பொங்கலுக்குப் பதினைந்து பேரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள், பாண்டியன் பெயரும் அடிபடுகிறது. அந்த லிஸ்ட்டை எழுதுகிறவர், இதோ, திரையில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இப்போதுதான் அவளுக்கும் கண் திறந்தது. கழுத்திலிருந்து கிளம்பிய மடிப்புகள் எல்லாம் வலது தோளை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தன. இடது கை மட்டும் நீளமாகத் தொங்கியது. இடுப்பில் அந்தப் பக்கம் துணி குவிந்து கிடந்தது. தன் கையாலேயே புருஷனைக் கொண்டுவந்து இவர்முன் நிறுத்தியிருந்தாள்.

"யாரும் இல்ல சார்," என்றாள். "சும்மா மனசுல நெனச்சு வரைஞ்சது."

"மனசுல நெனச்சு வரைஞ்சா ரெண்டு தோளும் சமமால்ல வரும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எழிலரசி தன் அண்ணனைப் பார்த்து வரைந்தேன், அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறான் என்று சொன்னாள். அவளுக்கு அண்ணனே கிடையாது. ஆனாலும் பொய் ஒழுங்காகத்தான் வந்தது. அதோடு முடிந்திருக்கும். டைட்டஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நல்ல மனுஷர், தன் கடைப் பெண்ணைப் பெரிய ஆபீசர் மெச்சுகிறார் என்ற சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"அண்ணன்லாம் இல்ல சார், பொண்ணு வெக்கப்படுது," என்றார் சிரித்துக்கொண்டே. "அவங்க வூட்டுக்காரரத்தான் வரைஞ்சிருக்கும். பாண்டியன். உங்க கம்பெனிதான், டிரம் செக்‌ஷன்."

நயீம் அகமது சிரிக்கவில்லை. பாண்டியனா, நன்றாக அடிப்பானே, இந்த வருஷம் டீமுக்குப் பெயர் கொடுக்கவில்லையே என்று தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். பிறகு ஒரு கலர் பிரிண்ட் கேட்டார். பிரிண்டர் மெதுவாகக் கழுத்து, தோள், இடுப்பு என்று வெளியே தள்ளியது. அவர் அதைச் சுருட்டிக்கொண்டு போனார்.

டைட்டஸை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. எதைச் சொல்லிக் கேட்பது? கேட்டால் அவருக்கும் தெரிந்துவிடும், அவருக்குத் தெரிந்தால் ஸ்டேஷன் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு படத்தைத் திறந்தாள். இடது பாதியை அழித்தாள். வலது பாதியைத் திருப்பிப் போட்டு ஒட்டினாள். இரண்டு தோளும் ஒரே மட்டம், இரண்டு கையும் ஒரே நீளம். முதலில் போட்டது கொஞ்சம் கோணல், திருத்திவிட்டேன் என்று டைட்டஸிடமே கொடுத்தனுப்பினாள். முதலில் தந்ததே போதும் என்று நயீம் அகமது திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பாண்டியன் வந்து சோற்றைப் பிசைந்தபடி சேதி சொன்னான். கம்பெனி கேட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஜெர்சிப் படம் ஒட்டியிருக்கிறார்களாம். நிஜச் சட்டை மாதிரியே இருக்கிறதாம். ஆனால் போட்டிருக்கிறவன் ஏன் கோணிக்கொண்டு நிற்கிறான் என்று பையன்கள் சிரித்தார்களாம். தானும் சிரித்தேன் என்றான். எழிலரசி ரசம் ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்தவளுக்கு நாளைக்கு என்ற ஒரு நாள் எப்போதும் கைவசம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கடை வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் யார் வந்தாலும் நயீம் அகமதுவாகத் தெரிந்தது. வீட்டில் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மணி அடித்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம், உயிர் திரும்பி வரும். பேருக்குச் சாப்பிட்டாள். பாண்டியன் என்ன உடம்புக்கு என்று கேட்டபோது பல்வலி என்றாள்.

இருபதாம் தேதி சனிக்கிழமை. டைட்டஸ் கிறிஸ்துமஸ் வேலையாகத் திருப்பத்தூர் போயிருந்ததால் கடை மதியமே மூடியாகிவிட்டது. எழிலரசி வீட்டில் இருந்தாள். இரண்டு மணிகூட ஆகவில்லை, பாண்டியன் வந்துவிட்டான். சைக்கிள் மணி அடிக்கவில்லை. சைக்கிளில் ஏறாமல், ஒரே கையால் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்தான்.

நடந்ததை அவன் துண்டு துண்டாகச் சொன்னான். காலையில் நயீம் அகமது டிரம் பக்கம் வந்தாராம். ராமலிங்கத்தை வேறு ஷெட்டுக்குப் போகச் சொன்னாராம். பிறகு பாண்டியனைப் பார்த்து, நீ ஒருத்தனே டிரம்மை நிரப்பு என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாராம். ஈரத் தோல். ஒவ்வொன்றும் ஆளை அமுக்கும். இடது தோளிலேயே வைத்துத் தூக்கினானாம், வலது பக்கம் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார் என்று. முகத்தைச் சுளிக்கவே இல்லையாம். கடைசித் தோலும் உள்ளே போனதும் அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இவன் வயிற்றுவலி என்று சொல்லி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"ஜெயிச்சிட்டேன் எழிலு," என்றான். தட்டை எடுக்க இடது கையை நீட்டினான். கை பாதியிலேயே நின்றுவிட்டது. வலது கையால் சாப்பிடக்கூட முடியாதபடி உடம்பு முழுக்க உதறியது. அவள் பிசைந்து ஊட்டினாள். அவன் குழந்தையாட்டம் வாங்கிக்கொண்டான். நாலு வாய் போனதும் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது.

எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான் என்றான். எவனோ என்ன, ராமலிங்கம்தான். அவனுக்கு மட்டும்தான் தெரியும். பதினைந்து பேரில் அவன் பெயர் இல்லை, வயிற்றெரிச்சல். கூட இருந்தே குழி பறித்துவிட்டான். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் நாலு கேள்வி கேட்காமல் விடப்போவதில்லை.

எழிலரசியின் கை சோற்றிலேயே நின்றது. பேசாமல் இருந்தால் போதும். புருஷன் அவளைச் சந்தேகப்படவே மாட்டான். பழி ராமலிங்கத்தோடு போய்விடும். தோள் கொடுத்தவன் தலையில் அதைக் கட்டிவிட்டு அவள் நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதியை நினைத்தபோது இந்த ஒரு வாரத்துப் பயத்தைவிட அதிகமாகப் பயந்தாள்.

"ராமலிங்கம் அண்ணன் இல்ல மாமா," என்றாள். "நான்."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வாசற்படி, வெயில், பென்சில், டைட்டஸ் சொன்னது, நோட்டீஸ் போர்டு. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான், அடித்தாலும் அடிப்பான் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். இதுவரை அடித்ததில்லை. ஆனால் இதுவரை அவளும் இப்படி ஒன்று செய்ததில்லை.

அவன் குனிந்து தன் இடது தோளைப் பார்த்தான்.

"அந்தக் கோணச் சட்டக்காரன் நானா?" என்றான். பிறகு குரல் இறங்கிப்போய், "அவ்ளோவா தெரியுது?" என்றான்.

எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தவள் இதற்குத் தயாராக இல்லை. அவர்கள் வீட்டில் இருப்பது சவரக் கண்ணாடி ஒன்றுதான், அதில் முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. வலிக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரியும், இறங்கிவிட்டது என்று தெரியாது. நாலு மாதமாக நேராக நிற்கிறோம் என்று நம்பிக்கொண்டு ஊருக்குள் நடந்திருக்கிறான். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. கேட்டில் அத்தனை பேர் பார்த்த பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வாள்?

"தெரியுது," என்றாள்.

பாண்டியன் எழுந்தான். வாசற்பக்கம் வெளிச்சத்தில் போய் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இடது தோளை மேலே தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"இப்போ?"

அவள் பார்த்தாள். சட்டையின் மடிப்பு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போதும், உட்கார் என்று கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது, நயீம் அகமது தினமும் காலையில் கேட்டில் நிற்பார்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். "வலது பக்கம் எறக்கு."

இறக்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

"இப்போ?"

"இப்போ சரி. அப்டியே நட."

நாலு அடி நடந்தான். ஐந்தாவது அடியில் தோள் தானாக இறங்கிவிட்டது.

எழிலரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வாசலிலிருந்து வா என்றாள்.