துல்லிய நிறைவு விழா

விழுப்புரம், திண்டிவனம், வானூர் வட்டாரத்துச் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: விழுப்புரம் அம்மணி அம்மாள் புற்றுநோய் மையத்தின் கதிர்வீச்சு இயந்திரம் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூடப் பொய் சொன்னதில்லை. இந்த மகத்தான நிகழ்வை முன்னிட்டு, வரும் ஞாயிறு காலை மைய வளாகத்தில் துல்லிய நிறைவு விழா. தலைமை: மையத்தின் நிறுவனர், சேர்மன், கருணைக் கடல், மருத்துவச் செம்மல் விருத்தாசலம் அவர்கள். அனைவரும் வருக. சாப்பாடு உண்டு.

மருத்துவச் செம்மல் படித்தது பி.காம். பஸ் கம்பெனி, கல்யாண மண்டபம், பாலிடெக்னிக் என்று படிப்படியாக முன்னேறிப் புற்றுநோய்க்கு வந்து சேர்ந்திருந்தார்.

விழாவுக்கு வேண்டிய எண்ணைக் கொடுத்தவர் ஜெகதீசன், மையத்தின் மருத்துவ இயற்பியலாளர். திண்டிவனத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் அவரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அவர் ஏ.சி. மெக்கானிக்; இன்னொன்றுக்கு எக்ஸ்ரே எடுப்பவர். உண்மையில், இயந்திரம் ‘நூறு கொடுத்தேன்’ என்று சொல்லும்போது நூறுதான் கொடுத்ததா என்று பார்ப்பது அவர் வேலை. தண்ணீர்த் தொட்டிக்குள் சேம்பர் என்கிற, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத உணர்கருவியை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே உட்கார்ந்து எண்ணைப் படிப்பார். கதிர் குறைந்தால் கட்டி சாகாது. கூடினால் கட்டியோடு ஆளும் வேகும்.

“தொண்ணூத்தொம்பது புள்ளி நாலுன்னு குடுத்திருக்கிறியே, பாக்கி எங்க போச்சு? எங்கயாவது லீக்கா?” என்று கேட்டார் விருத்தாசலம்.

“லீக் இல்லீங்க சார். ரெண்டு வரைக்கும் முன்ன பின்ன இருக்கலாம். இது ரொம்ப நல்ல நம்பர்.”

“முன்ன இருக்கலாமா? அப்போ நூத்தியொண்ணு வாங்கி இருக்கலாமில்ல?”

“அதிகமா போனாலும் தப்புதான் சார்.”

“அதெப்பிடிய்யா, மார்க்கு கூட வந்தா தப்பாவும்?” என்ற செம்மல் சற்று யோசித்து, “சரி, ஃப்ளெக்ஸ்ல நூறுன்னே போட்டுடு” என்று அறிவியலுக்கு ஒரு முடிவு கட்டினார்.

ஜெகதீசன் நூறு என்று எழுதிக்கொண்டார். அவருக்கு இப்போது வேண்டியிருந்தது நூறு அல்ல. தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றிரண்டு, இப்படி ஏதாவது ஒரு கேடுகெட்ட எண்.

அவருடைய அக்கா கிருஷ்ணவேணி போய் ஆறு மாதம் ஆகிறது. பிரம்மதேசத்தில் சொந்த நிலத்தில் பாடுபட்டவள். கர்ப்பப்பை வாயில் புற்று. சென்னைக்குக் கொண்டுபோ என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, “நான் இருக்கச்சே எதுக்கு மெட்ராஸு? என் மிஷின் நூத்துக்கு ஒண்ணு பிசகாது” என்று அழைத்துவந்தவர் ஜெகதீசன். அவளை உள்ளே படுக்கவைத்து, சேலையைச் சரிசெய்து, கதிர் கொடுத்ததெல்லாம் தொழில்நுட்பர் ஆர்த்திதான். அந்த நேரத்தில் ஜெகதீசன் அந்தப் பக்கம் போகமாட்டார், அவளும் கூப்பிடமாட்டாள். மேசையில் ஏறுமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். “தம்பி சாப்பிட்டானாம்மா?” என்று ஆர்த்தியைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

கதிர் முடிந்தது. கட்டி கொஞ்சம் வாடி, பிறகு வேறு இடங்களில் தலைகாட்டியது. பிறகு அவள் இல்லை.

அப்போதுதான் ஜெகதீசனுக்கு அந்தப் பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. அக்காவின் சிகிச்சை தொடங்குவதற்குச் சற்று முன்பு, மையத்தைச் சுற்றிப்பார்க்க வந்த பிரமுகர்களுக்குச் செம்மல் தாமே விளக்கம் கொடுத்தார். “இதான் மிஷினோட தெர்மாமீட்டர்” என்று சேம்பரைத் தூக்கிக் காட்டியவர் அதைக் கீழே போட்டுவிட்டார். ஜெகதீசன் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், விரிசல் தெரியவில்லை. மும்பைக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம் என்றபோது, “அடுத்த வருஷம் ஆவட்டும்” என்று உத்தரவாகியது.

சேம்பர் அன்று கெட்டிருந்தால்? கெட்ட கருவி சொன்ன எண்ணை நம்பி இயந்திரத்தைச் சரிசெய்திருந்தால், இயந்திரமும் கருவியும் கைகோத்துக்கொண்டு தினமும் ஒரே பொய்யைச் சொல்லும். அக்காவுக்குக் கிடைக்கவேண்டிய கதிர் கிடைத்திருக்காது. அதற்குப் பிறகு இயந்திரத்தின் அளவை யாரும் மாற்றவில்லை. அன்று தப்பென்றால் இன்றும் தப்பாகத்தான் இருக்கும்.

தப்பென்றால் தன் வேலை போகும், பேர் நாறும், கோர்ட்டுக்கு நடக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். மற்ற நோயாளிகளுக்கும் கதிர் குறைந்திருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் அவள் ஏன் செத்தாள் என்பதற்கு ஒரு பதில் கிடைக்கும். வேட்டியும் சால்வையுமாக அந்தப் பதில் எதிரே நடமாடிக்கொண்டும் இருந்தது.

பாண்டிச்சேரியில் உள்ள நண்பரிடமிருந்து, புதிதாகச் சரிபார்த்து வந்த வேறொரு சேம்பரை ஜெகதீசன் இரவல் வாங்கினார். அக்கா வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்கு மட்டும் போன் செய்து, “வேற கருவி வெச்சுப் பாக்கப்போறேன் மாமா. தப்புன்னா மறைக்கமாட்டேன்” என்றார்.

விழா நாள் காலையில் தெய்வசிகாமணியே பஸ் ஏறி வந்துவிட்டார். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் கழுத்தில் யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஜெகதீசன் அதைக் கழற்றி ஆர்த்தியிடம் கொடுத்தார்.

“சேர்மன் திட்டுவாரு சார்.”

“வர்றதுக்குள்ள திரும்பப் போட்டுடலாம்.”

தொட்டித் தண்ணீரின் சூடு அறையின் சூட்டோடு சமமாகும்வரை காத்திருந்தார். இரவல் சேம்பரை இறக்கினார். கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரைப் பாய்ச்சினார். எண் வந்தது. நம்பாமல் மறுபடி பாய்ச்சினார். காற்றழுத்தத்தைத் திரும்பப் படித்தார், வெப்பநிலையைத் திரும்பப் படித்தார், கணக்கை முதலிலிருந்து போட்டார். ஆர்த்தி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “சூப்பர் சார். நம்ம நம்பரேதான்” என்றாள்.

செம்மல் கீழே போட்டும் சேம்பருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒரு தப்பைச் செய்யும் சாமர்த்தியம்கூட அந்த மனிதருக்கு இல்லை.

நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில், மடியில் மஞ்சள் பையுடன் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். ஜெகதீசன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“சரியா இருக்குது மாமா.”

“இருக்கும்னுதான் நெனச்சேன்.”

“நீங்க எப்படி நெனச்சீங்க? எனக்கே தெரியலியே.”

தெய்வசிகாமணி பையின் காதை முறுக்கினார். “போன்ல சொல்ல வாய் வரல, அதான் வந்தேன். நீ பாட்டுக்கு மிஷின நோண்டிக்கினு பேஜாரு பட்டுக்கினு இருக்கிற. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத மாப்ள. உங்கக்காளுக்கு நீ கூட்டாறதுக்கு முந்தின வருஷம், மல்லாட்டைச் செடி புடுங்கச்சேயே உதிரம் பட்டுக்கினு இருந்துச்சு.”

“ஒரு வருஷமாவா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“உன்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னா. கூடப் பொறந்தவன்கிட்ட போயி அந்த எடத்துல இப்படின்னு எந்த வாயால சொல்றதுன்னா. சரி, விழுப்புரம் போயி காட்டலாம் வான்னேன். அங்க தம்பி இருக்கிறான்னா. பாண்டி போலாம்னேன். அங்க இருக்கிறவங்கல்லாம் தம்பிக்குத் தெரிஞ்சவங்கன்னா. ஊர்ல மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிக்கினு கெடந்தா. கொல்லையில மயங்கி வுழுந்தப்பறந்தான் மறைக்க முடியல.”

“நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்ல மாமா?”

“தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினா. எனக்கும் வெக்கந்தான், பொய் சொல்லுவானேன்.”

வெளியே மேளம் நின்று மைக் கரகரத்தது. ஜெகதீசன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நான் இந்த வேலையில இல்லாம இருந்திருந்தா?”

தெய்வசிகாமணி மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

“நீ துபாய் கிபாய்ல இருந்திருந்தியானா,” என்றார், “முத மாசமே இட்டாந்திருப்பேன் மாப்ள.”

மைக்கில் ஜெகதீசனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது தெய்வசிகாமணிதான் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். “போ. மனுசங்க காத்துக்கினு இருக்காங்க.”

மேடையில் மருத்துவச் செம்மல் அவருக்குச் சால்வை போர்த்தி, தோளில் தட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம ஜெகதீசன் கண்ணுல படாம ஒண்ணும் தப்ப முடியாது” என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு, துல்லியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கை நீட்டினார்.

“மிஷின் சரியா இருக்குது” என்றார் ஜெகதீசன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணிவு என்று நினைத்துக் கூட்டம் பலமாகக் கை தட்டியது.

கிருஷ்ணவேணிக்கு வந்தது, ஆரம்பத்திலேயே பார்த்தால் குணமாகிற நோய்.