ஏழு நாளைக்குள் எடுக்கப்படாத அம்மா

பக்கத்து வீட்டு முகம்மது நூகு சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். வீட்டில் பேச்செல்லாம் அவர் மனைவி பைரோஜாதான். நடுவில் ஒரு சுவர். காதில் விழுந்தால் நான் என்ன செய்ய?

2007இல் அவர்கள் மகள் மஹ்ரீனின் பள்ளியில் ஆங்கிலக் கட்டுரைக்கு மார்க் போட ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கினார்கள். ஆறுக்கு ஐந்து எடுத்தால்தான் விருதுநகர் கட்டுரைப் போட்டிக்குப் போகலாம். மஹ்ரீனுக்கு அந்தப் போட்டி மேல் உயிர். அம்மாவைப் பற்றி எழுதினாள்: 'அம்மா வேகமாகப் பேசுவாள். அத்தா பதில் யோசிப்பார். அதற்குள் அம்மா அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.'

கம்ப்யூட்டர் இரண்டு போட்டது. வாக்கியம் நீளமில்லையாம், சிக்கல் போதாதாம்.

"எம் மகளுக்கு ரெண்டா?" நூகு கொதித்தார். "நீளந்தான வேணும்? நம்மகிட்ட இல்லாததா?"

பட்டாசு லோடு ஏற்றும் லாரிகளுக்கு ரசீது அடிப்பவர் அவர். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கில நிபந்தனைகள் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும். அதில் ஒன்றை மகளிடம் நீட்டினார். "சரக்குன்னு வர்ற எடத்துலெல்லாம் அம்மான்னு போட்டுரும்மா."

மஹ்ரீன் அப்படியே தட்டினாள். ஆறுக்கு ஆறு! நூகு தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஆங்கில டீச்சர் பெர்சிஸ் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, பைரோஜாவை வரச்சொன்னார். அங்கு நடந்ததைப் பைரோஜா என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். தலைமையாசிரியர் சங்கரபாண்டியன் முன்னால் டீச்சர் தமிழில் சொன்னாராம்: "போக்குவரத்தில் அம்மா நனைந்தாலோ நசுங்கினாலோ கம்பெனி பொறுப்பேற்காது என்பதுடன், ஏழு நாளைக்குள் எடுத்துச் செல்லப்படாத அம்மா ஏலம் விடப்படும்."

"ஏலமா? எங்க அந்த மனுசன்?" பைரோஜா கத்தினாளாம்.

தலைமையாசிரியர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றுவிட்டது. பக்கத்தில் நின்ற மஹ்ரீன் மட்டும் தலை குனிந்து, "ஆறு என்னோடது இல்ல சார். ரெண்டுதான் என்னோடது" என்றாள்.

பெர்சிஸ் அந்த இரண்டு மார்க் கட்டுரையைப் படித்துக் காட்டினார். பைரோஜா வாயடைத்து நின்றாள். அது நடந்ததை நான் இன்னும் நம்பவில்லை. கடைசியில், "இது நாந்தான் சார். இதுக்கா ரெண்டு?" என்றாள்.

"மெசின் கணக்கும்மா."

"அந்த மெசினுக்கு என்னய எம்புட்டுத் தெரியும்? எம் மகளுக்குத் தெரியும்ல?"

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஆறைக் கோடு போட்டு அடித்தார். போட்டிப் பட்டியலில் 'மஹ்ரீன் – 2' என்று கையாலேயே எழுதினார்.

போட்டியன்று பஸ் ஜன்னலில் நூகு, பக்கத்தில் மஹ்ரீன். கீழே நின்று பைரோஜா கத்தினாள்: "பிள்ளைய நனையாம கூட்டிட்டு வாங்க. இல்ல, உங்களத்தான் ஏலம் விடுவேன்!"

நூகு பதில் யோசித்தார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.